திராட்சைக்காரர் வீட்டுப் பின்னறை

பெயிண்டர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், இருமல் வந்தது, உட்கார்ந்துவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று கையைக் காட்டிச் சொன்னது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். இதோ எழுதிவிட்டேன். டீ வரும்வரை ஏணிக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். கேட்கப் பிடிக்காதவர்கள் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருக்கலாம். உங்கள் வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எனக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. ஐம்பதைத் தாண்டிக் கொஞ்ச தூரம். நெஞ்சுதான் எனக்கு முன்னால் ஓய்வு வாங்கிக்கொண்டது. தேனியிலிருந்து மலையடிவாரம் வரை கம்பம் ரோட்டின் இரண்டு பக்கமும் நான் பூசிய சுவர்கள் நிற்கின்றன. பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். மேலே வேறு யாரோ வேறு நிறம் பூசிவிட்டார்கள். அதற்கு மேல் இன்னொருவர். அடியில் எங்கேயோ என் கை இருக்கிறது. அதற்காகப் பெருமைப்படவும் முடியவில்லை, வருத்தப்படவும் முடியவில்லை. அலுப்பாக இருக்கிறது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறேன்.

நெஞ்சுக்கும் முன்னால் போனது மூக்கு. அது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. போய்விட்டது என்று தெரிந்த நாள் மட்டும் தெரியும். போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கி. சுவரை அளந்துகொண்டே, "இங்கன என்ன சரக்குண்ணே வச்சிருப்பீக?" என்று கேட்டேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையை இறக்கிவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் ஒரு கை ஏலக்காயை அள்ளி என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். பச்சைப்பசேலென்று, பார்க்க அழகாக இருந்தது. எனக்கு அது அவ்வளவுதான். தின்னரும் டர்பன்டைனும் எத்தனையோ வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்திருந்தன. சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மல்லித்தூள் டப்பா, ஊறுகாய் ஜாடி, சோப்பு என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். எல்லாமே காற்றாகத்தான் இருந்தன.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் யாருக்கும் சுரண்டுகிற வேலை பிடிக்காது. கலர் கார்டை விரித்து வைத்து வீட்டுக்காரம்மாவோடு பேசுகிற வேலை எல்லோருக்கும் பிடிக்கும். ரோலரை உருட்டும்போது ஒரு சந்தோஷம் வரும், அதுவும் எனக்குத் தெரியும். சுரண்டுவது அப்படியில்லை. நகக்கண்ணில் ஏறும், இமையில் உட்காரும், சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும். யாரோ எப்போதோ ஆசையாகப் பூசியதை நாம் குப்பையாக்கிக் கூடையில் அள்ளுகிறோம். ஆனால் இந்தத் தொழிலில் நான் யோசிக்க வேண்டி வந்த இடங்கள் எல்லாம் சுரண்டுகிறபோதே வந்தன. பூசும்போது ஒன்றும் யோசித்ததாக நினைவில்லை. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைக்காரர். தோட்டத்துப் பாதை தொடங்குகிற இடத்தில் வீடு. அவரே பைக்கில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முன்னறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, கடைசியில் இருந்த அறையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தார்.

"பழைய பெயிண்டச் சுத்தமாச் சுரண்டிப்புட்டு, பளிச்சுன்னு பண்ணித் தரணும் மேஸ்திரி. பாத்ரூம் கூட இதுக்குள்ளயே புதுசாக் கட்டிட்டேன், பாரு."

"யாருக்குண்ணே ரூமு?"

"விருந்தாளுக வருவாக, போவாக."

நான் நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம் இருக்கிறது? விருந்தாளி அறைக்கு எவ்வளவு சுரண்டினால் போதும் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு. உதிர்வதை உதிர்த்துவிட்டு, உதிராததைத் தட்டிப் பார்த்து விட்டுவிட்டு, பட்டி போட்டு மூடுவது. அந்தக் கணக்கோடு மறுநாள் போனேன்.

என்னோடு சுரண்ட வந்தவர் உத்தமபாளையத்து அக்கா. பெயரைப் போடாதே என்று சொல்லியிருக்கிறார், போடவில்லை. மேஸ்திரி என்று பெயருக்கு நான்தான். எந்தச் சுவரை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வேலை தொடங்கும்போது முக்காட்டை இழுத்து மூக்கைச் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வார். அதற்காக எல்லோரும் கேலி செய்திருக்கிறோம். அதனால்தான் அவருக்கு மூக்கு மிஞ்சியது, எங்களுக்கு மிஞ்சவில்லை.

சுவரின் மேல் கிரீம் நிற டிஸ்டம்பர். அது தோலுரிகிற மாதிரி வந்துவிட்டது. அதற்கு அடியில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை எனாமல். அதற்கும் அடியில் சுண்ணாம்பு, லேசாக நீலம் பாய்ந்த சுண்ணாம்பு. அந்த நீலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் திராட்சைக் கொடிக்கு அடிப்பார்கள். மிஞ்சியதைக் கொட்ட மனமில்லாமல் வீட்டுச் சுவரில் அடித்துவிடுவார்கள், கரையான் அண்டாது என்று. இந்தப் பள்ளத்தாக்கில் பல வீடுகளுக்கு அடியில் அந்த நீலம் இருக்கிறது. அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, ஈரத்தோடு சுரண்டினோம்.

ஈரம் பட்டதும் சுவர் விழித்துக்கொண்டது. எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குத்தான் தெரிந்தது.

"மேஸ்திரி, கண்ணு எரியுது."

"வெங்காயம் உரிச்சிட்டு வந்தீகளாக்கா?"

"ஒன் மண்டையத்தான் உரிக்கணும். இந்தச் சுவத்த மோந்து பாரு."

"எனக்கு எங்கக்கா..."

"ஆமா, ஒனக்கு மூக்கு, மூஞ்சி அழகா இருக்கட்டும்னு வச்சது. மறந்தே போனேன்."

சிரித்துக்கொண்டே அன்றைய வேலை முடிந்தது. மறுநாள் சுரண்ட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அக்கா ஸ்கிராப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தென்னைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரம்மா மோர் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே ஒற்றையாளாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பி வந்தார். உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

"மேஸ்திரி, இந்த ரூம்ல முன்ன என்ன இருந்துச்சுன்னு கேட்டியா?"

"இல்லக்கா."

"இனி யாரு இருக்கப் போறான்னு கேட்டியா?"

"விருந்தாளுகன்னு சொன்னாரு."

"விருந்தாளிதான். இன்னும் பொறக்கல."

வீட்டுக்காரம்மா தன் காதில் சொன்னதை அக்கா என் காதில் சொன்னார். மகள் நந்தினி உண்டாகியிருக்கிறாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து, தங்காமல் போய்த் தங்காமல் போய், இப்போதுதான் தங்கியிருக்கிறது. வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வருகிறார்கள். தாயும் பிள்ளையும் படுக்க இந்த அறை.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கக் கூடாது. நம் வீடுகளில் யார் சொல்கிறார்கள்? பிறக்கும் முன்னால் நாம் தொட்டில் வாங்குவதில்லை, சட்டை தைப்பதில்லை. அறையை ஒதுக்கினாலும் இன்னாருக்கென்று வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்ற பயம். திராட்சைக்காரர் இடத்தில் நான் இருந்தாலும் பெயிண்டரிடம் விருந்தாளி என்றுதான் சொல்லியிருப்பேன்.

திரும்பி அறையைப் பார்த்தேன். சுவர் நெடுக, பலகை அடித்து எடுத்த ஆணித்துளைகள். சிமெண்ட் தரையில் வட்டம் வட்டமாகக் கறை, கேன்கள் உட்கார்ந்திருந்த தடம். தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குப் பூச்சு உப்புப் பூத்து, மஞ்சளாக, ஊறிய பிஸ்கட் மாதிரி இருந்தது. இதெல்லாம் நேற்றும் இருந்தன. நேற்று அது விருந்தாளி அறை.

மதியம் திராட்சைக்காரர் வந்ததும் கேட்டேன்.

"அண்ணே, இந்த ரூம்ல முன்ன என்ன வச்சிருந்தீக?"

"சாமான்."

"என்ன சாமான்?"

"தோட்டத்துச் சாமான்தான். மம்பட்டி, ஸ்பிரேயர், மருந்து."

மருந்து என்றால் இங்கே பூச்சிமருந்து. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"மருந்து ரொம்ப நாள் இருந்துச்சாண்ணே?"

"எங்கப்பா காலத்துல இருந்து. மருந்து இல்லாம திராட்சை என்ன ஆகாசத்துலயா காய்க்கும்? போன வருசமே தோட்டத்துல செட்டு போட்டு அங்கன மாத்திட்டமே. கழுவி விட்டு, பெயிண்டும் அடிச்சாச்சு."

"கேன் ஒழுகியிருக்கும்ல?"

"ஒழுகாத கேனு எங்கன இருக்கு?"

அவர் எதையும் மறைக்கவில்லை. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். அந்த வீட்டில் மருந்து, உப்பு புளி மாதிரி ஒரு சாமான். சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவே இல்லை. அறையில் இருந்ததைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை, வரப்போவதைப் பற்றிச் சொல்லப் பயம். இந்த இரண்டுக்கும் நடுவில் கையில் ஸ்கிராப்பரோடு நான் நின்றிருந்தேன்.

"அக்காவுக்கு வாந்திண்ணே."

"வெயிலு அப்பிடி அடிக்குது."

"கண்ணு எரியுதாம்."

"சுரண்டுனா தூசி எரியாமப் பின்ன குளுருமா?"

"பொண்ணு வருதாம்ல?"

அவர் முகம் மாறியது. அடுப்படிப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிறகு, சுவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "ஆமா" என்றார்.

பூச்சை முழுக்க உதிர்த்துவிட வேண்டும், தரையையும் பெயர்க்க வேண்டும், கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்றேன். சொல்லி முடிக்கும் முன் கையை உயர்த்திவிட்டார்.

"புள்ளத்தாச்சி வரப்போற வீட்டுல கடப்பாரையத் தூக்கச் சொல்றியா நீ? பாத்ரூமு அவ உண்டாகுறதுக்கு முன்னயே கட்டுனது. இப்பச் சுரண்டுறதுக்கே சாமிகிட்ட உத்தரவு கேட்டுட்டுத்தான் உன்னையக் கூட்டியாந்தேன். ஆணி அடிக்க மாட்டேன் நான், தெரியுமா? காலண்டரு ஒரு மாசமாக் கட்டில் மேல கெடக்கு."

"அப்ப முன்னறையில வச்சுக்கலாம்ல?"

"பாத்ரூமு? கொல்லை கடைசிக்கு நடப்பாளா, மழையில? மாடிக்கு ஏறச் சொல்லவா? சம்பந்தி வீட்டுக்காரக வந்து பாக்கையில என்ன நெனப்பாக?"

"அண்ணே, டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை..."

"என் வீட்டுல வெசம் இருக்குன்னு நானே போய் டாக்டரம்மாகிட்ட சொல்லணுமா? அந்த வெசத்துலதான் அவ படிச்சா மேஸ்திரி. அந்த வெசத்துலதான் அவளக் கட்டிக் குடுத்தேன்." தரையில் கிடந்த செதிலைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நீ பிரைமர நல்லா கனமா அடிச்சு மூடு. உள்ளயே கெடந்து போகும். ஒனக்கு முன்ன ஒருத்தர் வந்து பாத்துட்டு அப்பிடித்தான் சொன்னாரு."

அப்படியானால் எனக்கு முன்னால் ஒருவர் வந்திருக்கிறார். நான் போனால் அவர் வருவார்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். படிக்கிறவர் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம்.

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. சுவருக்குள் போன மருந்து எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், பிரைமர் அதைப் பிடித்து வைக்குமா, பிறந்த குழந்தையின் மூச்சுக்கு என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. ஒன்றும் ஆகாமல் கூடப் போகலாம். தெரியாத இடத்தில் நின்று ஒரு பக்கம் சாய வேண்டும். இந்தத் தொழிலில் யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"முடியாதுன்னு சொல்லிட்டுக் கெளம்பிருவமாக்கா?"

"கெளம்பலாமே. நாளைக்கே அந்தாளு வந்து மூடிட்டுப் போவான். நீ வீட்டுல போய் நிம்மதியாத் தூங்குவே. நானும் தூங்குவேன். அந்தப் புள்ள இங்கன தூங்கும்."

கிளம்பவில்லை. வேலையும் பார்க்கவில்லை. அறையின் ஜன்னலை எல்லாம் திறந்து போட்டுவிட்டு, ஜன்னல் கதவுகளைக் கழற்றிக் கொல்லையில் வைத்து உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்த்ததையே மறுபடி தேய்த்தோம். பைக் சத்தம் கேட்டால் இன்னும் வேகமாகத் தேய்த்தோம்.

"கவர்மெண்டு வேலை கெடைச்ச மாதிரி இருக்குல்ல?" என்றார் அக்கா.

தினமும் டீ நேரத்தில் திராட்சைக்காரரிடம் பேச்சை எடுப்பேன். அவர் மழையைப் பற்றிப் பேசுவார், கொடி வெட்டிவிடும் கவாத்துக்கு ஆள் கிடைக்காததைப் பற்றிப் பேசுவார். ஒரே இடத்தை ஒவ்வொரு நாளும் வேறு பக்கத்திலிருந்து சுரண்டிப் பார்ப்பதுபோல இருந்தது. ஒரு செதில் கூட எழும்பவில்லை. உண்மையைச் சொன்னால், நான் களைத்துவிட்டேன். மறுநாள் காலையில் பிரைமர் வாளியைத் திறந்துவிடுவேன் என்று நினைத்த மாலைகள் உண்டு. நல்லவனாக இருப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அப்படி ஒரு மாலை கார் வந்து நின்றது. வளைகாப்புப் புடவை எடுக்கத் தேனிக்கு வந்த நந்தினி, அப்படியே வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள். வீட்டுக்காரம்மா பதறிப்போய், "அந்தப் பக்கம் போகாத தாயி, வேலை நடக்குது" என்று சொல்லச் சொல்ல, அவள் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நேராகப் பின்பக்கம் வந்துவிட்டாள். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள் அப்பா, சீவிய இளநீரைக் கையில் ஏந்திக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தார்.

"இதுதான் எனக்கா? அம்மா சொல்லவே இல்ல, திருட்டு அம்மா."

அக்கா எழுந்து கதவுப் பக்கம் போவதற்குள் அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். சுவரில் பார்க்க ஒன்றுமில்லை, அம்மை போட்டுத் தழும்பான முகம் மாதிரி இருந்தது. அவள் பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். மூச்சை உள்ளே இழுத்தாள். முகம் அப்படியே குழந்தை முகமாகிவிட்டது.

"அம்மா, அப்பா வாசம்."

"என்னடி சொல்ற?"

"அப்பா வாசம்மா இது. சாயங்காலம் அப்பா தோட்டத்துல இருந்து வந்து வண்டிய நிப்பாட்டுவாகள்ல, நான் ஓடிப்போய்க் காலக் கட்டிக்குவேன்ல? அப்ப அடிக்குமே, அதே வாசம். ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டு இத நெனச்சுத்தாம்மா அழுவேன்."

இன்னொரு முறை இழுத்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவரின் கையில் இளநீர் சாய்ந்து கொட்டிக்கொண்டிருந்தது. காலில் வழிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அக்காதான் முதலில் அசைந்தார். "தூசி தாயி, தும்மல் வரும். வா, மரத்தடியில காத்தாட உக்காருவம்" என்று அவள் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி நடத்திக்கொண்டு போனார். வீட்டுக்காரம்மாவும் பின்னாலேயே போய்விட்டார். திறந்த கதவுக்கு முன்னால் நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகள்.

"உனக்குத் தெரியுதா மேஸ்திரி?"

"இல்லண்ணே. எனக்கு மூக்கு செத்து ரொம்ப நாளாச்சு."

"எனக்கும் தெரியல."

சட்டைக் கையை இழுத்து மோந்து பார்த்தார். தோளைத் திருப்பி மோந்தார். உள்ளங்கையை விரித்து, பிறகு புறங்கையை. தொலைந்துபோன எதையோ உடம்பெல்லாம் தேடுகிற மாதிரி இருந்தது.

"எம்மேல இருக்காம்ப்பா. எனக்குத் தெரியலயே."

பேச வேண்டியதை எல்லாம் டீ நேரங்களில் பேசித் தீர்த்திருந்தேன்.

"சரி, ரூமப் பூட்டிப்புடலாம்" என்றார். கதவை இழுத்துச் சாத்தினார். கொண்டியைப் போட்டார். போட்ட கை கொண்டியிலேயே இருந்தது. "என்னைய எங்கனப்பா பூட்டுறது?"

"அண்ணே..."

"சொல்லு. நான் அந்தப் புள்ளையத் தூக்கலாமா?"

எத்தனையோ வீட்டில் எத்தனையோ கேள்விக்கு உடனே பதில் சொல்லியிருக்கிறேன். இந்த நிறம் எத்தனை வருடம் நிற்கும், இந்த ஓதம் ஏன் ஏறுகிறது, மழைக்கு முன் முடியுமா. தெரியாததற்குக் கூடத் தெரிந்ததுபோலச் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரி என்றால் அப்படித்தான். இதற்குத் தெரிந்த அளவுதான் சொல்ல வேண்டும் என்று பட்டது.

"தூக்கலாம்ண்ணே" என்றேன். "தோட்டத்துச் சட்டையோட தூக்காதீக. அங்கன மோட்டார்லயே நல்லாத் தேச்சுக் குளிச்சுட்டு, இந்தத் துணிய அங்கனயே போட்டுட்டு, வேற வேட்டி கட்டிட்டு வந்து தூக்குங்க. அது போதுமான்னு எனக்குத் தெரியாது. டாக்டரம்மாகிட்டயும் கேட்டுக்கங்க. வெக்கப்படாமக் கேளுங்க."

அவர் தலையை ஆட்டினார். மகள் உட்கார்ந்திருந்த மரத்தடிக்கு அவர் போகவில்லை. கார் கிளம்பும்போது, தூரத்திலேயே நின்று கையை மட்டும் ஆட்டினார்.

மறுநாள் அவருடைய கட்டிலும் பீரோவும் முன்னறையிலிருந்து வெளியே வந்தன. அந்த அறையில் எப்போதும் வெறும் சுண்ணாம்புதான் அடித்திருக்கிறார்கள். நான் அதில் பிரஷ்ஷே வைக்கவில்லை, ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. கொல்லைப் பாத்ரூமுக்குப் போகிற வழிக்குத் தகரக் கூரை போட வேண்டியிருந்தது. கம்பு நட வேண்டும். குழி தோண்டக் கூடாது. கடைசியில் என்னுடைய காலி பெயிண்ட் வாளிகளை வரிசையாக வைத்து, மணலை நிரப்பி, அதில் கம்பை நிறுத்தி, மேலே தகரத்தைக் கயிற்றால் கட்டினோம். ஒரு ஆணி அடிக்கவில்லை. பந்தல் லேசாக ஆடியது. "புள்ளைக்குத் தொட்டில் இப்பவே ஆடுது" என்றார் அக்கா. வீட்டுக்காரம்மா சட்டென்று அவர் வாயைப் பொத்தினார். பொத்திய கையோடு தானும் சிரித்துவிட்டார்.

பின்னறையின் பூச்சைப் பிறகு உதிர்த்தார்கள், தாயும் பிள்ளையும் ஊருக்குப் போன பிறகு. அந்த வேலைக்கு நான் போகவில்லை. அதற்குள் என் நெஞ்சு என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டது. இப்போது அது வெறும் செங்கல் அறை என்று சொன்னார்கள். எதுவும் வைப்பதில்லையாம்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பழைய பெயிண்டில் கை வைக்கும் முன் கேளுங்கள். இங்கே முன்னால் என்ன இருந்தது, இனி யார் படுக்கப் போகிறார்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராது. ஒன்றை மறந்திருப்பார்கள், இன்னொன்றைச் சொல்லப் பயப்படுவார்கள். அடுப்படிப் பக்கம் கேளுங்கள், மோர் வரும்போது கேளுங்கள். உங்களோடு சுரண்டுகிற பெண்களுக்குக் கண் எரிந்தால் கேலி பேசாதீர்கள். அப்புறம், ஒரு வேலை தப்பு என்று தெரிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடத் தோன்றும். அது நிமிர்ந்து நடக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜன்னலைத் தேய்த்துப் பாருங்கள். அலுப்பாகத்தான் இருக்கும். முகமூடி போடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, எல்லோரும் சொல்கிறார்கள், நீங்கள் போடுவதில்லை. என் மூக்கைப் பற்றி மேலே எழுதியிருப்பதை மட்டும் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

பெண் குழந்தை பிறந்தது. அக்காவும் நானும் பார்க்கப் போனோம். முன்னறையில் உத்தரத்து வளையத்தில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தார்கள். நந்தினி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போது பைக் சத்தம் கேட்டது. திராட்சைக்காரர் வந்தார். தலையில் ஈரம் சொட்டியது. சட்டை இல்லை, வெளுத்த வேட்டி, தோளில் ஒரு புதுத் துண்டு. எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். ஆனால் உள்ளே வரவில்லை. நிலைப்படியில் நின்றபடியே இரண்டு கைகளையும் மகளை நோக்கி நீட்டினார்.

"பாரு."

அது அந்த வீட்டில் வழக்கமாகிவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. நந்தினி குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். அவர் உள்ளங்கைகளை மோந்து பார்த்தாள். மணிக்கட்டை மோந்தாள். குதிகாலை உயர்த்தித் தோளையும் கழுத்தையும் மோந்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி அசையாமல் நின்றார்.

"போலீஸ் நாய் தோத்துச்சு" என்றார் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

"வெறும் சோப்பு வாசந்தாம்ப்பா" என்றாள் நந்தினி. "தூக்குங்க."

அவர் உள்ளே வந்தார். குழந்தையை வாங்கினார். அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்தார். பச்சைப்பிள்ளையின் தலைக்கு ஒரு வாசம் உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் இழுத்துக்கொண்டே இருந்தார்.